கல் நல்லது, லேபிள்தான் அரைகுறை

உயர்தர இரசாயன வகுப்பில் காட்டுவதற்காக இந்தக் கனிமப் பெட்டியை வாங்கினேன். யுரேனியமும் டெலூரியம் என்ற அரிய தனிமமும் ஒரே பளிங்கில் சேர்ந்த மூன்று மாதிரிகள்: மொக்டெசுமைட், ஷ்மிட்டரைட், கிளிஃபோர்டைட். யுரேனியக் கல்லைத் தபாலில் திருகோணமலைக்கு எடுப்பிக்கிற யோசனையே எனக்கு இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானின் விலாசத்தைக் கொடுத்தேன். அவர் அங்கே நுணுக்குக்காட்டியில் வைத்து வீடியோ அழைப்பில் வர, இங்கே திருகோணமலை உப்புவெளியில் நாங்கள் ரிவியில் பார்த்தோம்.

கற்களில் குறையே இல்லை. ஈயமும் சேர்ந்த மொக்டெசுமைட் நல்ல தோடம்பழ நிறம், கிளிஃபோர்டைட் கந்தக மஞ்சள். ஷ்மிட்டரைட்டைப் பெரிதாக்காவிட்டால் வைக்கோல் தூசி என்றுதான் நினைப்பீர்கள். புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைட் கனிமத்தைக் கைநிறைய அள்ளிப் பார்த்த பிள்ளைகள், “இவ்வளவுதானா சேர்?” என்றார்கள்.

இவ்வளவு கிடைத்ததே பெரிது. புவியோட்டில் டெலூரியம் பிளாட்டினம் அளவுக்கு அரிது. அது இருக்கும் இடத்தில் யுரேனியமும் இருக்க வேண்டும். பிறகு காற்றும் நீரும் பட்டு இரண்டும் ஒட்சியேற வேண்டும்; அப்போதுதான் இப்படியான கல் உருவாகும். 1789இல் யுரேனியத்தைக் கண்டறிந்த கிளாப்ரோத்தான், முல்லர் 1782இல் கண்ட டெலூரியத்துக்கு 1798இல் பெயரும் வைத்தார். சோதனைக்கு வராது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

எரிச்சல் லேபிளில்தான். ‘மெக்சிக்கோ’ என்று மட்டும் அடித்திருக்கிறார்கள். இந்த மூன்றும் உலகுக்கு முதலில் தெரியவந்தது சொனோரா மாநிலத்து மொக்டெசுமா ஊரை அண்டிய சுரங்கங்களிலிருந்து. கடுகளவு கல்லுக்கு இவ்வளவு காசு கொடுப்பதே எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்காகத்தானே? புல்மோட்டை மணல் போத்தலில் ‘ஆசியா’ என்று எழுதினால் யாராவது ஏற்பார்களா? சுரங்கத்தின் பெயரைக் கேட்டு விற்பனையாளருக்கு எழுதினேன். “கல் உண்மையானது” என்று பதில் வந்தது. நான் அதையா கேட்டேன்!

பொதி செய்த விதம் திருப்தி. மூடிய சிறு பிளாஸ்டிக் பெட்டிகள், கதிரியக்க எச்சரிக்கையும் ஒட்டியிருந்தது. திறக்காமலே பார்க்கலாம். தொட்டால் கை கழுவுங்கள், துகள் வயிற்றுக்குள் போகக்கூடாது.

கல்லுக்கு ஐந்து நட்சத்திரம், லேபிளுக்கு ஒன்று. வாங்குவதென்றால் காசு கட்ட முன்னமே சுரங்கப் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.