டிபன் கடைக்குப் பணம் கட்டினேன், மளிகைக் கடைக்கு உரிமம் கிடைத்தது

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் 2023ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் நான்கு மேசை போட்டு ஒரு டிபன் கடை தொடங்கினோம். வணிக உரிமத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பது தெரிந்திருந்தும், வாடகை ஓடுகிறதே என்ற அவசரத்தில், "ஆபீசில் எல்லோரையும் தெரியும்" என்று சொல்லிக்கொண்ட புரோக்கர் ஒருவரிடம் 28,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "மேலே போகிற பணத்துக்கு ரசீது உண்டா அண்ணா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

இங்கேயே வளர்ந்த எங்களில் பலரைப் போல எனக்கும் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. அவர் நீட்டிய படிவத்தில் விரல் வைத்துக் காட்டிய மூன்று இடங்களிலும் கையெழுத்திட்டேன். பன்னிரண்டு நாளில் வந்த உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். நான்கு மாதம் கழித்துச் சோதனைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு தோசைக்கல்லைப் பார்த்தார். பள்ளியில் கன்னடம் படிக்கும் என் மகள்தான் சட்டத்தைக் கழற்றி எழுத்துக் கூட்டி வாசித்தாள். தொழில் வகை என்ற இடத்தில் "கிராணி அங்கடி" என்று இருந்தது. அதாவது மளிகைக் கடை. கடை பத்தொன்பது நாள் பூட்டிக் கிடந்தது.

உணவகம் என்று எழுதினால் இடத்தைப் பார்க்க வருவார்கள், வேலை இழுக்கும் என்பதால் மாற்றி எழுதியதாகப் புரோக்கர் கூசாமல் சொன்னார். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கென்று தனியாக 3,000 ரூபாயும் வாங்கியிருந்தார். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பனையுள்ள கடைக்கு அந்தப் பதிவுக் கட்டணம் அப்போது ஆண்டுக்கு வெறும் 100 ரூபாய்.

புகார் கொடுப்பேன் என்றதும், "நீங்களும் மாட்டுவீர்கள்" என்றார். விசாரித்ததில் அது வெறும் மிரட்டல் இல்லை என்று தெரிந்தது. 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால்தான் விலக்கு உண்டு. எனக்கு நாலு மாதம் கடந்திருந்தது. தவிர, என்னை வற்புறுத்தியது என் அவசரம் மட்டுமே. அந்தப் பணத்தில் ஒரு ரூபாயாவது அலுவலகத்துக்குள் போனதற்கு என்னிடம் சான்றும் இல்லை.

பணத்தைவிட உறுத்துவது வேறு. எனக்கு முன்பே முறையாக விண்ணப்பித்துக் காத்திருந்த, எங்கள் தெருக்கோடி ஜூஸ் கடை அம்மாவைத் தாண்டி ஓடத்தான் நான் அதைக் கொடுத்தேன். அவருக்கு ஐந்து வாரத்தில் சரியான உரிமம் வந்துவிட்டது. தாமதமானால் கேட்பதற்கு, அரசுச் சேவைகளைக் குறித்த கெடுவுக்குள் தர வேண்டும் என்னும் 2011ஆம் ஆண்டின் சகாலா சட்டம் கர்நாடகத்தில் இருக்கிறது என்பதையும், ஒப்புகைச் சீட்டிலுள்ள எண்ணைக் கொண்டு விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம் என்பதையும், கெடு தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை இழப்பீடு கோரலாம் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

இரண்டாவது விண்ணப்பத்தை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரிவரியாக வாசிக்கச் சொல்லி நானே நிரப்பினேன். அந்தப் புரோக்கர் இன்றும் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நிரப்பிய படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறார். தமிழில் யாராவது பேசுவது காதில் விழுந்தால் அவரே எழுந்து வருகிறார்.