கூகுள் மேப்ஸா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பா?

இரண்டிலும் வழி தெரியும். வரைபடம் யாருடையது என்பதில்தான் வித்தியாசம். கூகுள் மேப்ஸில் நாம் திருத்திக் கொடுக்கும் தெருப் பெயர்கூட நிறுவனத்தின் கிடங்குக்குள் போய்விடும். 2018-இல் கூகுள், பிற இணையதளங்கள் தன் வரைபடத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டண முறையை மாற்றியபோது, அதையே நம்பியிருந்த சிறு இணையதளங்கள் திணறின.

2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் பொதுச்சொத்து; அதன் முழுத் தரவையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அதன் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் சந்துகளை ஒவ்வொன்றாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்கின. என் ஓட்டு இதற்கே.

போக்குவரத்து நெரிசலைக் காட்டுவதில் கூகுள்தான் மேல், மறுக்க மாட்டேன். பொதுச்சொத்திலும் குறை உண்டு: வரைய ஆளில்லாத ஏழை ஊர்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. ஆனால் அந்த இடத்தை நிரப்ப யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.