தேசிய சாலையா, ஈரி கால்வாயா?

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்க எழுந்த இந்த இரண்டில் எது சிறந்தது? 1811இல் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லண்டில் அமெரிக்க மத்திய அரசு தொடங்கிய தேசிய சாலை, 1818இல் ஓஹையோ ஆற்றங்கரையைத் தொட்டது. மேற்கே குடியேறியவர்களுக்கு வரம்தான். ஆனால் கோதுமையை வண்டியில் ஏற்றினால் கூலியே விலையைத் தின்றுவிடும்.

ஈரி ஏரியை ஹட்சன் ஆற்றோடு இணைக்கும் ஈரி கால்வாயை நியூயார்க் மாநிலமே கடன் பத்திரம் விற்று, 1817 முதல் 1825க்குள் 363 மைல் வெட்டி முடித்தது. ஆழம் வெறும் 4 அடி! கரையில் கோவேறு கழுதைகள் நடக்க, கயிற்றின் மறுமுனையில் படகு வரும். ஏரிக்கரையிலுள்ள பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு டன்னுக்கு 100 டாலராக இருந்த கூலி 10 டாலர் அளவுக்கு இறங்கியது. திறப்பு விழாவில் ஆளுநர் டிவிட் கிளின்டன் ஏரித் தண்ணீரைப் பீப்பாயில் கொண்டுவந்து கடலில் ஊற்றினார்.

என் ஓட்டு கால்வாய்க்கே. போட்ட பணம் சுங்கத்திலேயே, அதாவது பயன்படுத்துவோர் செலுத்திய கட்டணத்திலேயே, திரும்பியது. சாலையிலோ, மத்திய அரசு சுங்கம் வசூலிப்பதை 1822இல் அதிபர் மன்றோ தடுத்தார்; 1830களில் அந்தச் சாலை மாநிலங்களிடம் போனது.