வளவா, டீக்கடையா?

படிக்கவும் எழுதவும் காரைக்குடியில் எனக்கு இரண்டு இடம், வீட்டு வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி), தெருமுனை டீக்கடை.

படிக்க வளவுதான், யோசிக்கவே வேண்டாம். மதியம் 2 மணிக்கு ஆத்தங்குடித் தரை ஓடு காலுக்குச் சில்லென்று இருக்கும், முற்றத்து வெளிச்சம் நேராகப் புத்தகப் பக்கத்தில் விழும், நாவலில் நூறு பக்கம் போனதே தெரியாது, ஆயா வைத்துவிட்டுப் போன இஞ்சி டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா ஏறக்குறைய 1 லட்சம் நூல்களும் இதழ்களும் சேர்த்தார் (இப்போது அவை சென்னையில், அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கின்றன). அதை நினைத்தாலே இன்னொரு புத்தகம் எடுக்கத் தோன்றும்.

எழுதுவது வேறு. வளவில் உட்கார்ந்து எழுதினால் என் கதையில் எல்லாரும் பாடப்புத்தகம் மாதிரி பேசுகிறார்கள். டீக்கடையில் அப்படி இல்லை. மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றுகிறார், நுரை கிளாஸ் விளிம்பில் ஏறி நிற்கிறது, “அண்ணே, சீனி கம்மியா” என்கிறார் ஒருவர், பங்காளிகள் வீட்டை விற்க ஒத்துவரவில்லை என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்துகிறார். அந்தத் தாழ்ந்த குரலை அப்படியே நோட்டில் பிடிக்கப் பார்க்கிறேன். ஒரு டீ முடிவதற்குள் அரைப்பக்கம், தினமும் அவ்வளவுதான் பயிற்சி.

ஒன்றுதான் என்றால் டீக்கடையைச் சொல்வேன், புத்தகத்தை அங்கேயும் கொண்டுபோகலாமே. ஆனால் காலை 6 மணிக்கே போய்விடுங்கள், அப்புறம் பெஞ்சில் இடம் கிடைக்காது.