கேட்க வேண்டிய நாடகத்தைப் பார்க்கப் போனேன்

1938 அக்டோபர் 30 ஞாயிறு இரவு ஆர்சன் வெல்ஸ் குழுவினர் சிபிஎஸ் வானொலியில் நிகழ்த்திய ‘உலகங்களின் போர்’ நாடகத்தை, நியூ ஜெர்சியில் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிற்றரங்கு ஒன்றில் சென்ற வாரம் மேடையில் கண்டேன். எச்.ஜி. வெல்ஸின் நாவலில் இங்கிலாந்தில் இறங்கும் செவ்வாய்க் கிரகத்தாரை, வானொலி வடிவம் எழுதிய ஹோவர்டு கோக் இதே மாநிலத்தின் குரோவர்ஸ் மில்லில் இறக்கினார். அந்த ஊர்ப் பெயர் ஒலித்ததுமே அவையில் சிரிப்பு எழுந்தது.

மேடையில் நான்கு ஒலிவாங்கிகளும், வலப்பக்கம் தகரத் தட்டுகள், சரளைக்கல் பரப்பிய மரப்பெட்டி, கண்ணாடிச் சாடி ஆகியவை வைத்த நீள மேசையும் இருந்தன. மேசைக்குப் பின்னால் நின்ற பெண்மணியைத்தான் நான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்கலம் திறக்கும் இடத்தில் அவர் சாடியை ஒலிவாங்கியோடு ஒட்டிப் பிடித்து மூடியை மெல்ல மெல்லத் திருகினார். ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்ணெதிரே தெரிந்தும் உடல் சிலிர்த்தது.

நடன இசைக்கு நடுவே செய்தி அறிவிப்புகள் குறுக்கிடுவதுபோல் அமைந்த முதற்பகுதியே இந்நாடகத்தின் உயிர். களத்திலிருந்து பேசும் செய்தியாளரின் குரல் சட்டென அறுந்து சில நொடிகள் நிலவும் அமைதி, அவர் இறந்ததை வானொலியில் சொல்லாமல் சொல்லும். அவ்வேடத்தை முதலில் ஏற்ற ஃபிராங்க் ரீடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்ததை வருணித்த ஒலிப்பதிவைக் கேட்டுப் பயின்றவர். இங்கு நடித்தவரின் குரலிலும் அந்தப் பதற்றம் குறைவில்லை. ஆனால் குரல் அறுந்த மறுகணமே அவர் பின்வாங்கி, நாற்காலியில் அமர்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார். அவர்மேல் விழுந்த விளக்கை அணைத்திருந்தாலே போதும். இயக்குநருக்கு இது தோன்றாமற்போனது வியப்புதான்.

பின்திரையில் ஓடிய கணினிச் சித்திரங்கள் முற்றிலும் வேண்டாதவை. சாடி மூடி எழுப்பிய அச்சத்தை அவை பாதியாகக் குறைத்தன. பேராசிரியர் பியர்சன் தனித்துப் பேசும் பிற்பகுதி மூலத்திலேயே சற்று மந்தமானது என்பதால், அதற்கு இக்குழுவைக் குறைசொல்ல மாட்டேன். 1938 ஒலிபரப்பை உண்மைச் செய்தி என்று நம்பி நாடே வீதிக்கு ஓடியதாக நிகழ்ச்சிக் கையேடு எழுதியிருப்பது மட்டும், அக்காலப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய பழைய கதை.

ஏறத்தாழ ஒரு மணி நேர நாடகம், இடைவேளை இல்லை. செல்பவர்கள் வலப்பக்க முன்வரிசையில் இடம் கேட்டு வாங்குங்கள். ஒலி மேசை அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும்.