டர்பன் ஃப்ளாட்டில் ஒரு பவளத் தொட்டி: மூன்று வருட அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிஷ நடை. அப்புறம் வீட்டுக்குள் எதற்கு இன்னொரு கடல் என்று கீழ்வீட்டு ஆன்ட்டி முதல் நாளே கேட்டார். 2022 ஜூனில், ஹாலில் சோபாவுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவே கிடைத்த இரண்டடி இடத்தில் 60 லிட்டர் தொட்டியை வைத்தேன்.

சின்னத் தொட்டி என்றால் சுலபம் என்று நினைத்தது தப்புக் கணக்கு. தண்ணீர் குறைவாக இருப்பதால் சூடு, உப்பு, அழுக்கு எது ஏறினாலும் உடனே தெரியும். கல், மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் நூறு கிலோவை நெருங்கிவிடும், டிவி மேஜை தாங்காது.

முதல் ஆறு வாரம் வெறும் கல்லும் தண்ணீரும்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற அவ்வளவு நாள் ஆகிறது. அப்புறம் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி. பயப்பட வேண்டாம், தானே போய்விடும்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் மூன்றாம் மாதம். தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, கடல் தொட்டிதானே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். தினம் ஒரு லிட்டர் வீதம் பத்தே நாளில் 1.025 இருக்கவேண்டிய ஒப்படர்த்தி (உப்பு ஏற ஏற இதுவும் ஏறும்) 1.030 ஆனது. நத்தைகள் ஓட்டை இறுக்க மூடிக்கொண்டு மணலில் கிடந்தன. இப்போது கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். காலைக் காபிக்கு முன் அந்தக் கோடுவரை ஆர்.ஓ. தண்ணீர், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை ஆறு லிட்டர் மாற்றும்போது மட்டுமே உப்பு கலக்கிறேன், லிட்டருக்கு 35 முதல் 38 கிராம்.

கடல் தண்ணீரையே மொண்டு வரலாமே என்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடை கலந்து இங்கே பீச்சுகளையே மூடினார்கள். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆனால் என்னை நிஜமாகவே ஆட்டிப்படைத்தது மின்வெட்டு. 2023-இல் ஒரு ராத்திரி போன கரண்ட் விடியும்வரை வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கோமாளி மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நானும் மனைவியும் மாறி மாறி, சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். நாலு மணிக்கு எனக்குக் கையே மரத்துவிட்டது. மறுநாள் வாங்கியது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப், பிறகு ஒரு சின்ன யூ.பி.எஸ். அதில் தண்ணீரைச் சுழற்றும் அலை பம்ப் மட்டும் ஓடுகிறது, ஐந்து வாட்தான். ஹீட்டரும் விளக்கும் சில மணி நேரம் இல்லாவிட்டால் குடிமுழுகாது, ஆக்சிஜன் அப்படியில்லை. 2024 மார்ச் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் வெட்டே இல்லாமல் இருந்தது, ஆனாலும் யூ.பி.எஸ்.ஸை எடுக்க மனசு வரவில்லை. விளக்குக்குக் கொட்டிய ராண்டை முதலில் இதற்குக் கொடுத்திருக்கவேண்டும்.

ஜனவரி இங்கே கோடை, பிரச்சினை வேறு. விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும் என்பார்கள். டர்பன் புழுக்கத்தில் அது பாதிதான் பலிக்கும். 28 டிகிரியைத் தாண்டினால் ஏ.சி.யைப் போட்டுவிடுகிறேன்.

பவளத்தில் ஸோவாந்தஸும் மஷ்ரூமும் என்னோடு ஒத்துப்போயின. ஸோவாந்தஸில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவே கூடாது. அது ஒட்டிய கல்லில் வெந்நீர் ஊற்றித் தேய்ப்பது அதைவிட ஆபத்து. மீன் இரண்டே இரண்டு. வாங்கும்போது ஒரே அளவு, இப்போது ஒன்று பெரிதாகி வீட்டு அம்மாவாகிவிட்டது. கோமாளி மீன்களில் பெரியதுதான் பெண்ணாக மாறும். நீல டாங் மீன் வேண்டும் என்று மகள் கேட்டாள், அது பெரிதாக வளரும், இந்தத் தொட்டியில் அதைப் போடுவது பாவம்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது சாவியை ஆன்ட்டியிடம் கொடுத்தோம். கோடுவரை தண்ணீர், இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை தீனி என்று எழுதி வைத்திருந்தேன். திரும்பி வந்தால் கல்லெல்லாம் பச்சைப் பாசி, தீனி டப்பா காலி.

“என்னையே பாத்துட்டு இருந்துச்சிப்பா, பசிக்காதா?” என்றார்.