டெபியன்: ஸ்டேபிளா, டெஸ்டிங்கா, சிட்டா?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் மூன்று கிளைகளாகக் கிடைக்கிறது: சோதித்து வெளியிட்ட ஸ்டேபிள், அடுத்த வெளியீடாகத் தயாராகும் டெஸ்டிங், புதியவை முதலில் வந்து சேரும் சிட். ஸ்டேபிள் பழசு, சிட் ஆபத்து, அதனால் நடுவில் இருக்கும் டெஸ்டிங்தான் நமக்குச் சரி. டெபியனுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். நானும் இரண்டு வருடம் டெஸ்டிங்கில்தான் இருந்தேன். இன்று யாராவது கேட்டால், தினமும் வேலை செய்யும் கணினிக்கு மூன்றில் கடைசியாக யோசிக்க வேண்டியது டெஸ்டிங் என்றுதான் சொல்வேன்.

காரணம், பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) வரும் வழி. புதிய பதிப்பு எதுவானாலும் முதலில் சிட்டில் ஏறும். அங்கே பொதுவாக 2 முதல் 10 நாள் வரை காத்திருந்து, பெரிய பிழை எதுவும் பதிவாகாமல், சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்களும் தயாரானால்தான் டெஸ்டிங்குக்கு இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு நேரடியாகத் திருத்தம் அனுப்பிவிடும். சிட்டில் பராமரிப்பாளர் ஏற்றிய உடனே கிடைத்துவிடும். டெஸ்டிங்கில் இருப்பவர்தான், பல நிரல்கள் சார்ந்திருக்கும் ஏதோ ஒரு லைப்ரரி சிக்கிக்கொண்டதற்காக, பாதுகாப்பு ஓட்டை இருக்கிற பிரௌசரோடு காத்திருப்பார்.

அந்தக் காத்திருப்பு எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்றும் நம்ப முடியாது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ரகசிய நுழைவழி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் தெரியவந்தது. அந்தப் பின்கதவு விவகாரத்தில், கெட்ட பதிப்பு சிட்டைத் தாண்டி டெஸ்டிங்குக்கும் வந்து சேர்ந்திருந்தது, ஸ்டேபிள் தப்பியது. அதைக் கண்டுபிடித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டின் கண்ணில் அது பட்டது சிட் ஓடிய கணினியில்தான். 0.3 விநாடியில் முடிய வேண்டிய எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) லாகின் 0.8 விநாடி எடுக்கிறதே என்று அவர் தோண்டப் போய்த்தான் உலகமே தப்பியது. சிட்டை ஓட்டுகிறவர்கள் மற்றவர்களுக்காகவும் காவல் நிற்கிறார்கள் என்பதை நான் மரியாதையோடு சொல்கிறேன்.

அதற்காக எல்லோரும் சிட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. சிட்டுக்கு ஒரு பழக்கம் வேண்டும்: அப்டேட் கொடுத்ததும் ‘நீக்கப்படும் பேக்கேஜ்கள்’ பட்டியலை வரி வரியாகப் படிப்பது. 2024இல் நேரத்தை 64 பிட்டில் சேமிக்கும்படி மாற்றியபோது நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரோடு ‘டி64’ என்ற ஒட்டு சேர்ந்தது. அந்த வாரங்களில் ஒரு நாள் என் திரையில் வந்த நீக்கப் பட்டியலில் டெஸ்க்டாப்பின் பாதி இருந்தது. ‘இல்லை’ என்று கொடுத்துவிட்டுச் சில நாள் விட்டு மறுபடி ஓட்டினேன். பட்டியல் நாலைந்து வரியாகச் சுருங்கியிருந்தது. பார்க்காமல் ‘ஆம்’ கொடுத்திருந்தால் அன்றைய வேலை போயிருக்கும். ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற கருவியைப் போட்டுக்கொண்டால், கடுமையான பிழை இருக்கும் பேக்கேஜை நிறுவுவதற்கு முன்பே அது எச்சரிக்கும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் சிட் வேண்டாம்.

ஸ்டேபிள் பழசு என்பதும் பாதிதான் உண்மை. 2025 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டேபிளாக வந்த டெபியன் 13, அதாவது டிரிக்ஸி, 6.12 கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்தது. புது லேப்டாப்பில் வைஃபை எடுக்கவில்லையா, ஸ்டேபிளுக்கென்று புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து புது கெர்னலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் அசையாது. சர்வருக்கும், அப்பா அம்மா பயன்படுத்தும் கணினிக்கும் இதைத் தவிர வேறெதையும் நான் போடுவதில்லை.

அப்புறம் டெஸ்டிங் எப்போதுதான் நல்லது? அடுத்த வெளியீட்டுக்கு முந்தைய உறைநிலை மாதங்களில். டிரிக்ஸிக்கு அது 2025 மார்ச் நடுவில் தொடங்கியது. அப்போது பெரிய மாற்றங்கள் நின்றுவிடும், போகப் போகப் பிழை திருத்தம் மட்டும்தான் உள்ளே வரும். அந்த நேரத்தில் டெஸ்டிங்குக்கு வந்து, பார்த்த பிழைகளைப் பதிந்தால் அடுத்த ஸ்டேபிளுக்கே உதவியாக இருக்கும். ஆனால் பேக்கேஜ்கள் எந்தக் கிளையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் கோப்பில் ‘டெஸ்டிங்’ என்று எழுதாமல் வரப்போகும் வெளியீட்டின் பெயரை எழுதுங்கள். டிரிக்ஸி என்று எழுதியிருந்தவர்கள் ஆகஸ்ட் 9 அன்று தானாகவே ஸ்டேபிளில் இருந்தார்கள். டெஸ்டிங் என்று எழுதியிருந்தவர்கள் அடுத்த பதிப்பான ஃபோர்க்கிக்குள் போய்விட்டார்கள். அத்தனை மாதமும் தடுத்து வைத்திருந்த பேக்கேஜ்கள் எல்லாம் அவர்கள் கணினியில் வந்து இறங்கத் தொடங்கின.